மேன் வெர்சஸ் பங்காளி

பி.எட். பட்டத்துக்கும் இனியவனுக்கும் நடுவில் ஒரே ஒரு வகுப்புதான் பாக்கி. கல்லூரியிலிருந்து கமருன்னிஸா மேடம் வந்து, அவன் பாடம் நடத்துவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் கையெழுத்து. பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடியும் பயிற்சி. அடுத்த வருடத்துக்கு அவன் வேறு திட்டங்கள் வைத்திருந்தான். எல்லாமே சம்பளம் சம்பந்தப்பட்டவை.

ஆகவே கீழ்வேளூர்ப் பக்கத்துப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தில் எதையும் அவன் தற்செயலுக்கு விடவில்லை. பாடம், புயலில் சிக்கிய மீனவன் கதை. கதையில் மோதல் மூன்று வகை: மேன் வெர்சஸ் நேச்சர், மேன் வெர்சஸ் மேன், மேன் வெர்சஸ் செல்ஃப். எழுதுவதற்கு நோக்கமும் மூன்று: தகவல் சொல்ல, சம்மதிக்க வைக்க, மகிழ்விக்க. யார் எந்தக் கேள்விக்குக் கை தூக்க வேண்டும், யார் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூக்க வேண்டும் என்பதுவரை ஒரு வாரம் ஒத்திகை. கயல்விழிக்கு ‘நேச்சர்’. யோசிக்கும் முகத்தோடு அதைச் சொல்வதில் அவள் நன்றாகத் தேறியிருந்தாள்.

வகுப்பு பிசகில்லாமல் போனது. கொஞ்சம் அதிகமாகவே பிசகில்லாமல். கதையின் தீம் என்ன என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் முதல் வரிசை ‘ஹோப்’ என்றது. ‘என்ன’ அப்போதுதான் அவன் வாயிலிருந்து கிளம்பியிருந்தது.

மேடத்தின் பேனா நின்றது. தானும் ஒரு கேள்வி கேட்கலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, கயல்விழியை எழுப்பினார்.

“கதைய விடும்மா. உங்க ஊர்ல நீ பாத்த சண்டை ஒண்ணு சொல்லு. அது என்ன வகை?”

கயல்விழி இனியவனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். அது ஓடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“மேன் வெர்சஸ் பங்காளி, மேடம்.”

யாரும் சிரிக்கவில்லை. நாலைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இனியவனின் கண்முன் அடுத்த வருடம் முழுசாக வந்து நின்றது.

மேடம் மேலே சொல்லச் சொன்னார். குறுவை நெல்லுக்கு, முறைவைத்து விடும் தண்ணீர் வந்த அன்று, அவள் அப்பா தன் வயலுக்கு மடையைத் திருப்பினார். பெரியப்பா வந்து அதை அடைத்தார். இருவரும் மண்வெட்டியும் கையுமாக வரப்பில் நின்று, தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையிலிருந்து பேச ஆரம்பித்தார்கள். அதற்குள் முறை முடிந்து வாய்க்கால் வற்றிவிட்டது.

“தண்ணி நின்னப்புறந்தான் சண்டை நின்னுச்சு மேடம். அதான் தீம்.”

“சரி, இத எதுக்குச் சொன்ன? தகவலுக்கா, சம்மதிக்க வைக்கவா, சிரிக்க வைக்கவா?”

“தப்பிக்க மேடம். சார் எனக்குக் குடுத்த கேள்விய நீங்க கேக்கவே இல்ல.”

யாருக்கெல்லாம் சார் கேள்வி கொடுத்திருந்தார் என்று மேடம் கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. யோசித்துவிட்டுத் தூக்க வேண்டியவர்கள் யோசித்துவிட்டுத் தூக்கினார்கள்.

மேடம் பேனாவை மூடினார்.

“நாளைக்கும் வரேன் தம்பி. என்ன பாடம்னு வந்து சொல்றேன்.”

அவர் போன பிறகு இனியவன் கயல்விழியிடம் போய், நாளைக்கு எதுவும் சொல்லித்தரப் போவதில்லை, இன்றைக்குப் பேசியதுபோலவே பேசு என்றான்.

“இன்னைக்குப் பயந்துதான் பேசுனேன். அப்ப நாளைக்கும் நான் பயப்படணுமா சார்?”

“நீ வேணாம். அத நான் பாத்துக்கிறேன்.”