கிருமி என்றொரு சொல்

டயரின் உள்டியூப் இன்னும் தட்டையாகவே கிடந்தது. அறிவியல் ஆசிரியை அதை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஒரு நீல டிரம். அதற்குள் சாணக் கரைசலும் காய்கறித் தோலும். மூடியிலிருந்து டியூபுக்குச் சாண எரிவாயுவைக் கொண்டுபோகும் குழாய் ஒன்று. நுண்ணுயிரில் தொடங்கி நீடித்த ஆற்றலில் முடியும் ஏழாம் வகுப்புப் பாடத்தின் இரு முனைகளையும் இந்த ஒரு டிரம்மால் முடிச்சுப் போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. முதல்வரின் கணக்கு வேறு.

"எரியட்டும் டீச்சர், பார்க்கலாம். எரியலைன்னா கொட்டகையை உடைஞ்ச பெஞ்சுக்கு விட்டுடுங்க. பசங்க எரிவாயுவைப் புத்தகத்துலயே படிச்சுக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகவும் சொல்லியிருந்தார். இன்று புதன்.

இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினார். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. கசிவு இல்லை, வெயிலுக்கும் குறைவில்லை. நுண்ணுயிர்கள் வேலைநிறுத்தம் செய்வதில்லை. ஆகவே யாரோ கைவைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தார். சாண வாடைக்குப் பதிலாக மருத்துவமனைத் தாழ்வாரத்தின் மணம் முகத்தில் அடித்தது.

வகுப்பில் அவர் குரலை உயர்த்தவில்லை. "டிரம்முல என்ன நடந்துச்சு?"

முன்வரிசையிலிருந்து சோப்பு எழுந்தாள். கை கழுவாமல் எதையும் தொடாதவள் என்பதால் வகுப்பு சூட்டிய பெயர் அது.

"மூடி திறந்துடுச்சு மிஸ்."

"தானாவா?"

"கிருமிநாசினி கொஞ்சம் விழுந்துடுச்சு."

"விழுந்துச்சா, ஊத்துனீங்களா? வாக்கியத்துல எழுவாய் எங்கம்மா?"

"ஊத்துனோம் மிஸ்" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். "பாட்டில் முழுசா. மூடியை நான் பிடிச்சுக்கிட்டேன், சோப்புதான் ஊத்துனா."

"டேய், ஐடியா கொடுத்ததே நீதானேடா!"

"சரி. எதுக்கு ஊத்துனீங்க?"

சோப்பின் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. "நாத்தம் அடிச்சுது மிஸ். முதல்வர் வேற வர்றாரு. டிரம்முக்குள்ள கோடிக்கணக்கா கிருமி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? பாட்டில்ல கிருமிநாசினின்னு போட்டிருந்துச்சு."

வாதத்தில் ஓட்டை இல்லை. நுண்ணுயிர் என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில், மணியடிக்கும் அவசரத்தில், அவர் வாய் கிருமி என்றுவிட்டிருந்தது. மிகக் கூடாத இடத்தில் ஓர் ஒற்று மிகுந்தால்கூடச் சிவப்பு மையால் வட்டம் போடுபவர் அவர். பிள்ளைகளோ பாடத்தை வரி பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறார்கள்.

கரும்பலகையில் இரண்டு சொற்களையும் எழுதினார். "நோய் தர்ற நுண்ணுயிருக்குத்தான் கிருமின்னு பேரு. எல்லா நுண்ணுயிரும் கிருமி இல்லை. தப்பாச் சொன்னது நான். செத்துப்போனது நமக்காக வேலை பார்த்துக்கிட்டிருந்த கூட்டம்."

"அப்போ நாங்க கொலைகாரங்களா மிஸ்?" என்றது பின்வரிசை.

"இப்போதைக்கு. துக்கம் விசாரிக்க நேரமில்லை. டிரம்மைக் கழுவுங்க. வெறும் தண்ணியால மட்டும்."

வீட்டில், அடுப்பு பழுதுபார்ப்பவரான கணவர் ஒரு பர்னரைத் துடைத்தபடி கதையைக் கேட்டார். அந்த டிரம்முக்குப் பர்னர் கொடுத்தவரும் அவரே.

"இதுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே? நம்ம சிலிண்டர்ல இருந்து டியூபுல கொஞ்சம் ஏத்திவிடறேன். ஜம்முனு எரியும். யாருக்குத் தெரியப்போகுது?"

"எரியும்ங்க. ஆனா அங்க எரியறது பாடம் இல்லை, நம்ம சிலிண்டர்."

"வாத்தியாரம்மாவைக் கட்டிக்கிட்டா வீட்டுலயும் திருத்தம்தான்" என்று அவர் பர்னருக்குத் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முதல்வர் கொட்டகைக்குள் தலையைக் குனித்து நுழைந்தார். கூடவே வந்த தச்சர், பெஞ்சுகளுக்காகச் சுவரை அளக்க நாடாவை உருவினார்.

"இன்னிக்கு எரியாது சார்" என்றார் ஆசிரியை. "ஏன்னு இவங்க சொல்லுவாங்க."

முதல்வர் சோப்பைப் பார்த்தார். "ஏம்மா எரியாது?"

"நாங்க கொன்னுட்டோம் சார்." தச்சரின் நாடா சரேலென்று சுருண்டுகொண்டது. "உள்ள இருந்தது நோய்க்கிருமின்னு நினைச்சு கிருமிநாசினி ஊத்திட்டோம். அதுங்க காத்தில்லாத இடத்துல கழிவைத் தின்னு வாயு விடற நுண்ணுயிருங்க சார். நேத்து புதுச் சாணம் கரைச்சு மறுபடி குடிவெச்சிருக்கோம்."

"அப்போ அடுத்த வாரம் எரியுமா?"

"வாயு வரும். ஆனா முதல்ல வர்றது எரியாது, கரியமில வாயு ஜாஸ்தியா இருக்கும். அதை வெளியே விட்டுடணும். அப்புறம் வர்றதுலதான் மீத்தேன் சேரும்."

"கிருமிநாசினியை யாரு ஊத்துனது?"

"நாங்க ஊத்துனோம்" என்று பின்வரிசையும் சோப்பும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஊத்துனதுக்குக் காரணமான சொல் என்னோடது" என்றார் ஆசிரியை.

முதல்வர் பல ஆண்டுகளாக வகுப்புகளை ஆய்வு செய்திருக்கிறார். எரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இவ்வளவு தெம்பாக நின்ற வகுப்பை அவர் பார்த்ததில்லை. "பருவத் தேர்வு வரைக்கும் வெச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தேர்வுக்கு முந்தைய வாரம் டியூப் பருத்துக் கிடந்தது. முதலில் வந்த வாயுவை ஏற்கெனவே வெளியேற்றியிருந்தார்கள். முற்றத்து வெயிலில் பர்னரை வைத்து, முதல்வர் பார்த்திருக்க, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஆசிரியை தீக்குச்சியைக் கிழித்தார். மெல்லிய "புஸ்" என்ற ஒலி கேட்டது. தீக்குச்சி அணைந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"எரியலையே டீச்சர்" என்றார் முதல்வர், உண்மையான வருத்தத்துடன்.

"எரியுது சார். வெயில்ல நீலச் சுடர் கண்ணுக்குத் தெரியாது."

அவர் நம்பாமல் கையை நீட்டினார். நீட்டிய வேகத்தைக் காட்டிலும் விரைவாக இழுத்துக்கொண்டார்.

முற்றம் ஆரவாரத்தில் அதிர்ந்தது. முதல்வர் விரல்களை உதறியபடி, கொட்டகைக்கு வர இருந்த உடைந்த பெஞ்சுகளைப் பழுது பார்க்க எவ்வளவு நாளாகும் என்று தச்சரைக் கேட்டு வர ஆளனுப்பினார். ஆசிரியை சுடரின் மேல் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்துவிட்டு, அது கொதிக்கும் முன்பே அடுத்த பாடத்தைத் தொடங்கினார்.