ரெண்டு கையும் மேலே

அந்தக் கூடைப்பந்து நடுவருக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'நூல்'. நூல் பிடித்தாற்போல விதிப்படி நடப்பவர் என்று பொருள். பாராட்டி வைத்த பெயர் இல்லை. அவர் மட்டும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று நூல் வழக்கத்தைவிட விறைப்பாக இருந்தார். பெரிய போட்டிகளுக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வையாளர் மேல்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். வருஷக்கணக்காக அலுவலக அணிகளுக்கே விசில் ஊதிச் சலித்த மனிதருக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது. புள்ளி எழுதும் மேசையில் அவர் மனைவி. வர வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அவளைக் கூட்டி வந்திருந்தார்.

ஆட்டம் முடியும் தறுவாய். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்த அணியின் கேப்டன் நெட்டைக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கேட்டு வாங்க டைம்-அவுட்டும் மிச்சமில்லை. திடீரென்று கத்தினான்.

"சார், ஷூ லேஸ் அவுந்துடுச்சு! கொஞ்சம் நிறுத்துங்க!"

ஓடுகிற ஆட்டத்தை லேஸுக்காக யாரும் நிறுத்துவதில்லை. ரத்தம் என்றால் வேறு கதை. நூல் காது கேளாதவர்போல ஓடினார். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போன பிறகுதான் நெட்டையிடம் வந்து, குனிந்து, பூதக்கண்ணாடி இல்லாத குறையாகப் பார்த்தார்.

"தானா அவுந்ததா, நீ அவுத்ததா?"

"தானாத்தான் சார். புது லேஸ், வழுக்குது."

"இப்பவே கட்டு. இல்லேன்னா வெளிய போ, வேற ஆள் வரட்டும். உன் லேஸுக்கு நான் பஞ்சாயத்து பண்ண முடியாது."

நெட்டை கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டிவிட்டான், கள்ளன். ஆட்டம் மறுபடி தொடங்கியது. நூல் நாலு எட்டு ஓடியிருப்பார். சற்றுமுன் குனிந்ததில் பாதி இழை விட்டிருந்த பேண்ட் நாடா பட்டென்று அறுந்தது.

இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தலாமா? இப்போதுதான் ஒருவனை லேஸுக்காக விரட்டியிருக்கிறார். தன் நாடாவுக்கு விசில் ஊதினால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். வயிற்றுவலிக்காரர்போல இடுப்பைப் பிடித்தபடியே ஓடினார்.

நெட்டை தூரத்திலிருந்து எறிந்தான். பந்து வளையத்தில் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. கடைசி மணியும் அடித்தது.

கோட்டுக்கு வெளியே நின்று எறிந்திருந்தால் மூன்று புள்ளி, வெற்றி. கோட்டை மிதித்திருந்தால் இரண்டு புள்ளி, சமநிலை, கூடுதல் ஆட்டம். இன்னொரு நடுவர் கூடைக்கடியில் தள்ளுமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டையின் காலைப் பார்த்தவர் நூல் ஒருவர்தான். கால் வெளியேதான் இருந்தது, மயிரிழை வெளியே.

இரண்டு புள்ளி என்று காட்ட ஒரு கை போதும். மூன்று என்றால் மும்மூன்று விரல் நீட்டி இரண்டு கையும் மேலே போக வேண்டும். எழுதியாயிற்று என்று மேசையிலிருந்து கட்டைவிரல் உயரும்வரை இறக்கவும் கூடாது.

'ரெண்டுன்னு காட்டிடு, யாருக்குத் தெரியப்போகுது?' என்றது மனசு. மானமும் மிஞ்சும், இடைவேளையில் ஊக்கும் குத்திக்கொள்ளலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கால் கண்ணைவிட்டு அகலவில்லை. கள்ளன் எறிந்தாலும் மூன்று மூன்றுதான்.

இரண்டு கையையும் தூக்கினார். மானம் கப்பலேறியது. பேண்ட் கணுக்காலுக்கு இறங்கியது.

அரங்கமே அதிர்ந்தது. கட்டம்போட்ட உள்டிராயரோடு நூல் அசையாமல் நின்றார். மேற்பார்வையாளர் படியிறங்கி வந்தார். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் முகம் சிவந்திருந்தது.

"நான் உக்காந்த எடத்துலேருந்து அது ரெண்டு மாதிரிதான் தெரிஞ்சது. நீங்க ரெண்டுன்னு காட்டியிருந்தா நானும் நம்பியிருப்பேன். அடுத்த மாசம் பெரிய போட்டிக்கு வந்துடுங்க."

நூலுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளத்தான் கை இல்லை. மேசைப்பக்கம் திரும்பினார். கட்டைவிரல் இன்னும் உயரவில்லை.

"எழுதிட்டியா இல்லையா?" என்று பல்லைக் கடித்தார்.

மனைவி நிதானமாகப் பேனா மூடியைக் கழற்றினாள்.

"எத்தனை விரல்னு சரியாத் தெரியலைங்க. இன்னும் கொஞ்சம் உசரத் தூக்குங்க."