ஓரம் வெட்டிய தவளைக் கட்டு

“வெட்டுன்னு சொன்னது யாரு? நீயா, நானா?”

“வெட்டுன்னு சொன்னா மெஷின்ல வெச்சு வெட்டிடுவியா? தலையை வெட்டுன்னு சொல்லியிருந்தா?”

“உன் தலைன்னா மறுபேச்சு பேசாம வெட்டியிருப்பேன் அண்ணா.”

இதற்கு மேலும் எதிர்வீட்டுக்காரர்கள் டிவியை ஓடவிட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. சத்தத்தை அமுக்கிவிட்டு சன்னல் திரையைச் சரிசெய்ய வந்தார்கள். அந்தத் திரை அன்று மாலை முழுக்கச் சரியாகவே இல்லை. மாடிவீட்டுப் பெண்மணிக்கோ ஏற்கெனவே காய்ந்து மடித்து வைத்திருந்த துணியைத் திரும்பவும் கொடியில் போட வேண்டிய அவசரம் வந்துவிட்டது.

சண்டை போட்ட இருவரில் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் நடுவழியில் நின்றுபோகும் லிஃப்டுகளை இறக்குவது அவன் வேலை. தன் வீட்டில் மட்டும் எதையும் நகர்த்தாமல் பார்த்துக்கொள்வது அவன் குணம். பின்னறை முழுக்க அவனுடைய கார்டுப் பெட்டிகள். பணம் வைத்து ஆடுகிற சீட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி நினைத்தவர்களிடம் அவன் அரைமணி நேரம் விளக்கம் சொல்வான். கேட்டவர்கள், பணம் வைத்தே ஆடியிருக்கலாமே என்று பெருமூச்சு விடுவார்கள். இது படம் போட்ட கார்டுகள். மந்திரவாதிகள், பூதங்கள், சதுப்பு நிலத்துத் தவளைகள். கம்பெனியே ஒரு கார்டுக் கட்டை ஆயத்தமாகச் சேர்த்து விற்கும். கடையில் வாங்கி, பிரித்து, அப்படியே ஆட வேண்டியதுதான்.

அப்படியே ஆடுகிறவனை நம்மவன் மனுஷனாகவே மதிக்க மாட்டான். ரெடிமேட் கட்டை மலிவாகத் திருத்துவதில் அவன் ஊரறிந்த நிபுணன். ஊர் என்றால், கார்டுக் கடைக்கு வருகிற ஆறேழு பேர். அவன் பாடம் எளிமையானது. பார்க்க பிரமாதமாக இருந்துகொண்டு, நிறைய சக்தி கொடுக்காவிட்டால் கூப்பிட்டாலும் வராத கனமான கார்டுகளை முதலில் தூக்கு. ஆட்டத்துக்குத் தண்ணீர் மாதிரி சக்தி தருகிற ஊற்றுக் கார்டுகளைக் கூட்டு. விலை உயர்ந்த கார்டு செய்கிற வேலையை முக்கால்வாசி செய்கிற ஏழைக் கார்டு ஒன்று கடையின் சில்லறைப் பெட்டியில் எங்காவது தூசி படிந்து கிடக்கும், அதைத் தேடு. ஒரு கட்டை இப்படிச் சிக்கனமாகத் திருத்துவதற்காக அவன் வேறு பல கட்டுகளை வாங்கிப் பிரித்துப் போட்டிருந்தான் என்பதை யாரும் கேட்கக் கூடாது. அம்மா கேட்டாள். அதிலிருந்துதான் விஷயம் முற்றியது.

தங்கை ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவள். அச்சக முதலாளி பழைய கை மெஷின் ஒன்றைக் கழித்துவிடப்போவதாகச் சொன்னதும், அதை வாங்கி வீட்டிலேயே பைண்டிங் வேலை தொடங்கலாம் என்று அவளுக்கு ஆசை. மெஷினை வைக்கத் தரை பலமான, ஈரம் இல்லாத ஓர் அறை வேண்டும். வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது. அதில் தவளைகள் குடியிருந்தன.

“இத்தனை வருஷமா வாங்கி வாங்கி அடுக்கறியே, ஒரு போட்டியிலயாவது ஜெயிச்சிருக்கியா?” என்று அம்மா கேட்டாள்.

“போன வருஷம் மூணாவது இடம்.”

“எத்தனை பேர் ஆடுனீங்க?”

அவன் ஒரு பெட்டியைத் திறந்து கார்டுகளை எண்ண ஆரம்பித்தான். பதில் தங்கைக்குத் தெரியும். மூன்று பேர்.

அம்மா தீர்ப்புச் சொன்னாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கடையில் நடக்கிற போட்டியில் அவன் ஜெயித்தால் பின்னறை அவனுக்கு. தோற்றால் பெட்டிகள் வெளியே, மெஷின் உள்ளே. இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அவனுக்கு ஒரே குஷி. ஏனென்றால் போட்டி அவனுக்காகவே தைத்த சட்டை மாதிரி இருந்தது. எல்லாரும் ரெடிமேட் கட்டைத்தான் கொண்டுவர வேண்டும். சில கார்டுகளை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுகிற கார்டு கடையின் சில்லறைப் பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

தவளை அரசி தலைமையிலான கட்டை எடுத்துக்கொண்டான். அதில் இருந்த கனமான சேற்று யானைகளைக் கழித்துக்கட்டி, அந்த இடத்தில் ஊற்றுகளைச் சேர்த்தான். சிக்கனத்தின் சிகரமாக, கார்டுகளைப் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைகளைத் தள்ளுபடியில் வாங்கினான். தள்ளுபடிக்குக் காரணம் இருந்தது. உறைகள் ஒரு நூல் சிறியவை. கார்டு உள்ளே போக மறுத்தது. சாப்பிடும்போதெல்லாம் அதைச் சொல்லியே புலம்பினான். தங்கை காதில் அது விழுந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை, கட்டை உறையில் போட்டுத் தயார் செய்ய வேண்டிய நாள். அன்று பார்த்து ஒரு பல்பொருள் அங்காடியின் லிஃப்ட், வாடிக்கையாளர்களோடும் ஒரு தள்ளுவண்டித் தக்காளியோடும் நடுவில் நின்றுபோனது. அவன் லிஃப்ட் தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டே தங்கைக்குப் போன் போட்டான்.

“மேசை மேல கட்டு இருக்கு பாரு. ஓரமா இருக்கறதை வெட்டிட்டு, உறையில எப்படியாவது போட்டு வெச்சுடு.”

கார்டு ஆடுகிறவர்கள் பாஷையில் வெட்டுவது என்றால் கட்டிலிருந்து நீக்குவது. யானைகளை அவன் மேசை ஓரத்தில் தனியாக வைத்திருந்தான். அச்சகக்காரர்கள் பாஷையில் ஓரம் வெட்டுவது என்றால் ஒன்றே ஒன்றுதான்.

“எவ்வளவு வெட்டணும்?” என்று அவள் பொறுப்பாகக் கேட்டாள்.

“கொஞ்சமாத்தான். ரொம்ப வெட்டினா கட்டு தாங்காது.”

“எல்லா பக்கமுமா?”

பின்னால் தக்காளிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். “ஆமா ஆமா, எல்லா பக்கமும் பார்த்து சமமா வெட்டு!” என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.

சமமாக வெட்டச் சொன்னால் அவளுக்கு ஈடு இல்லை. மொத்தக் கட்டையும் யானைகளோடு சேர்த்து அச்சகத்துக்கு எடுத்துப்போய், தட்டி அடுக்கி, மெஷினில் கவ்வி, நாலு பக்கமும் ஒரு நூல் சீவினாள். உறைகளில் வெண்ணெய் மாதிரி இறங்கின. பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். அவன் பார்த்தான். அதன்பின் நடந்ததைத்தான் எதிர்வீடு சன்னல் திரை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“வெட்டின கார்டை உள்ள விடமாட்டாங்க. அவ்வளவுதான், நான் போட்டியிலயே இல்லை. ரூம் உனக்கு. திருப்தியா?”

“நான் ரூமுக்காக வெட்டினேன்னு சொல்றியா?”

“நான் சொல்லலை. தெருவுல கேட்டுப் பாரு.”

தெருவைக் கேட்க வேண்டியதே இல்லை. காலையில் பால் வாங்கப் போகும்போதே தீர்ப்பு தயாராக இருந்தது. தங்கச்சி கெட்டிக்காரி, கத்தியில்லாமலேயே அண்ணன் கழுத்தை அறுத்துட்டா என்று பாராட்டினார்கள். மெஷினில் அறுத்ததால் கத்தியில்லை என்பது கணக்கு. பாராட்டைக் கேட்டு அவள் முகம் கறுத்தது. வேலையில் ஒரு தாள் கோணலாக வெட்டியிருக்கிறாள் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. வேண்டுமென்றே கெடுத்தாள் என்று சொன்னால் அவளுக்கு அது அதைவிட மோசம்.

“கிளம்பு. நானும் வரேன்” என்றாள்.

அவன் முதலில் யோசித்தான். வேடிக்கை பார்க்க வருகிறாள் என்று சந்தேகம்.

கார்டுக் கடை ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நீள மேசைகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாற்காலிகள், நடுவர் இடத்தில், தராசு என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருவன். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற இளைஞன் அவன். எதையும் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்க்காமல் சொல்ல மாட்டான் என்பதால் அந்தப் பட்டம். டீ வேண்டுமா என்று கேட்டால்கூட வேண்டும் என்பதற்கான காரணங்களையும் வேண்டாம் என்பதற்கான காரணங்களையும் சொல்வான்.

அண்ணன் கட்டை மேசையில் வைத்ததும், முதல் ஆட்சேபணை போட்டிக்கு வந்திருந்த ஒரு பல் டாக்டரிடமிருந்து வந்தது. அவரிடம் அதே மாதிரி ஆயத்தக் கட்டின் மினுமினுப்புப் பதிப்பு இருந்தது. பெரிய கார்டுகள் எல்லாம் தங்கத் தகடு மாதிரி ஜொலிக்கும். அவற்றை வெல்வெட் பெட்டியில் கொண்டுவருவார்.

“வெட்டின கார்டை எப்படிங்க அனுமதிக்கறது? நாளைக்கு ஒருத்தர் வட்டமா வெட்டிட்டு வருவார்.”

தராசு கட்டைக் கையில் எடுத்தான். “விதி என்ன சொல்லுது? ஒரு கார்டை இன்னொரு கார்டுலேர்ந்து தொட்டே கண்டுபிடிக்க முடியக் கூடாது. அவ்வளவுதான். ஒரு பக்கம் பார்த்தா இது வெட்டினது. இன்னொரு பக்கம் பார்த்தா...”

“எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒண்ணுதான்” என்று தங்கை குறுக்கே புகுந்தாள். “எல்லாத்தையும் ஒரே பிடியில வெட்டியிருக்கேன். ஒரு முடி வித்தியாசம் காட்டுங்க, நானே இந்தக் கட்டைக் குப்பையில போட்டுட்டுப் போறேன்.”

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே அறை இவளுக்கு. அது இவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் பேசுகிறாளா? ஏதாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தான். “நீ சும்மா நில்லு” என்றாள்.

தராசு கட்டைக் கலைத்து டாக்டரிடம் நீட்டினான். “கண்ணை மூடிக்கிட்டு ஒரு தவளையை எடுங்க டாக்டர்.”

டாக்டர் ஈறைத் தடவிப் பார்க்கிற கவனத்தோடு தடவினார். எடுத்தது ஊற்று. மறுபடி எடுத்தார், மறுபடி ஊற்று. நம்மவன் கட்டில் ஊற்று அவ்வளவு இருந்தது.

“இப்ப உங்க கட்டைக் குடுங்க” என்றான் தராசு.

“என்னோடதை எதுக்கு?”

“ஒரு பக்கம் மட்டும் நிறுத்தா தராசு இல்லையே சார்.”

கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கட்டின் விளிம்பில் விரலை ஓட்டினான். அங்கங்கே நின்ற இடத்தில் எல்லாம் ஒரு கார்டை உருவி மேசையில் போட்டான். ஒவ்வொன்றும் ஜொலித்தது. மினுமினுப்புக் கார்டுகளுக்கு ஒரு வியாதி உண்டு. நாள் ஆக ஆக அப்பளம் மாதிரி வளையும். வெல்வெட் பெட்டியில் வைத்தாலும் வளையும். சாதாரணக் கார்டுகளுக்கு நடுவே அவை மட்டும் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

“வளைஞ்சதுக்குப் பதிலா சாதாரணக் கார்டு போட்டு ஆடலாம்” என்று தராசு தன்மையாகச் சொன்னான். டாக்டர் சாதாரணக் கார்டைத் தொடுகிற ஆள் இல்லை. தனக்கு ஒரு அவசரக் கேஸ் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததாகச் சொல்லி இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமையில் பிடுங்க வேண்டிய பல் யாருடையதோ.

வெட்டிய கட்டு ஓடியது. ஓடியது என்றால், தாவியது. முதல் ஆட்டம், இரண்டாவது ஆட்டம் எல்லாம் அண்ணனுக்கே. ஒவ்வொரு வெற்றிக்கும் தோற்றவரிடம் எங்கே தப்பு செய்தார் என்று விளக்கிச் சொன்னான். தோற்றது போதாதென்று அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து உட்கார்ந்தவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கடைக்குப் புதுசு. அவளும் தவளைக் கட்டுதான் வைத்திருந்தாள்.

“என்னென்ன மாத்தியிருக்கீங்க?” என்று கேட்டான் நம்மவன், தொழில்முறை ஆர்வத்தோடு.

“மாத்தணுமாண்ணே? கம்பெனிக்காரங்க பார்த்துத்தானே போட்டிருப்பாங்க?”

அவன் தங்கையைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். பின்னறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவன் சிரிப்பு அது.

முதல் கை எடுத்தான். பாதிக்கு மேல் ஊற்று. பரவாயில்லை. அடுத்து ஒன்று எடுத்தான், ஊற்று. அதற்கடுத்ததும் ஊற்று. ஒரு தவளை வந்தது, அதை அவள் தவளை அடித்தது. பிறகு திரும்பவும் ஊற்று. அவன் முன்னால் ஒரு ஏரியே உருவாகிவிட்டது. குளிக்கத்தான் ஆள் இல்லை.

“அய்யோ பாவம், தண்ணிக்குப் பஞ்சமே இல்லை உங்களுக்கு” என்றாள் வேன்காரி, நிஜமான அனுதாபத்தோடு. பிறகு ஒரு சேற்று யானையை எடுத்து மேசையில் வைத்தாள். “இதை இப்ப விடலாம்தானே? ரொம்ப நேரமாக் கையில கனக்குது.”

விடலாம் என்றான் தராசு. அதற்கு எதிரான காரணம் எதுவும் அவனுக்கே கிடைக்கவில்லை.

யானை இரண்டு முறை நடந்தது. ஆட்டம் முடிந்தது. தோற்றவனுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. அந்த வேலையைச் செய்கிற ஒரே ஆள் அவன்தான்.

படியிறங்கும்போது அண்ணன், “நீ ஏன் வாயைத் திறந்தே? பேசாம இருந்திருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்ல” என்றான்.

“நீ தோக்கறதுக்கு என் உதவி எதுக்குன்னுதான்” என்றாள் தங்கை. செருப்புக்கடை வாசலில் அவன் நின்றான். அப்புறம், மெஷினை எந்தச் சுவர் ஓரமாகப் போடுவாய், தரை தாங்குமா என்று நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றான்.

பெட்டிகள் அந்த வாரமே வெளியே வந்தன. எங்கே போயின என்பதில் தெருவுக்கு அதிக நாள் குழப்பம் இல்லை. வேன்காரியின் கட்டைத் திருத்திக் கொடுக்கிறேன் என்று அவன் போக ஆரம்பித்தான். அவள் ஒரு கார்டையும் மாற்ற விடவில்லை. அவன் போவதையும் நிறுத்தவில்லை. அண்ணே என்று கூப்பிட்டவள், பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போட்ட அன்று எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் “இந்தாங்க” என்று பேனாவை நீட்டினாளாம். மாடிவீட்டுப் பெண்மணி சாட்சிக் கையெழுத்துப் போட்டவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இப்போது அவன் வேன்காரி வீட்டோடு போய்விட்டான், பெட்டிகளோடு. பல் டாக்டர் தன் ஆஸ்பத்திரியை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டார். காரணம் வாடகை என்கிறார்கள், நம்புகிறவர்கள் நம்பட்டும். தராசு மட்டும் விதிப் புத்தகத்தை பைண்டிங் செய்ய வேண்டும் என்று பின்னறைக்கு வந்துபோய்க்கொண்டிருக்கிறான். ஒரே புத்தகம்தான், எத்தனை தடவை பைண்டிங் செய்வாள் தங்கையும்? தெரு கல்யாணத் தேதி வரைக்கும் குறித்துவிட்டது. அவன்தான் இன்னும் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.