இரண்டு உருப்படி

பக்கவாட்டுத் தகட்டை இழுத்ததும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிடி உமி தரையில் கொட்டியது. நான்கு வருசமாக அது நெல் மூட்டைகளின் மேல் இருந்தது. விசிறியின் இறகுகளுக்கு நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. வலையிலும் உமி. தையல்நாயகி சைக்கிள் பம்பை எடுத்து மூலை மூலையாகக் காற்றடித்தாள். தூசி எழும்பி ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது. தும்மினாள். தும்மிவிட்டுச் சிரித்தாள்.

"மணி எட்டே முக்கால்" என்றான் அரசப்பன். அவள் கணவன். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தான். "பதினொண்ணுக்கு சர்வேயர் வந்துருவாரு."

"தெரியும். அந்த ஸ்க்ரூவ மிதிச்சுறாதீங்க."

அவன் காலைத் தூக்கிப் பார்த்தான். பிறகு வேறு இடத்தில் வைத்தான்.

அரசப்பனின் வயலுக்கும் அவன் அண்ணன் இளையபெருமாளின் வயலுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அகலம் மூன்றடி. பங்கு பிரித்தபோது, கல்லுக்கு மேற்கே அண்ணனுக்கு, கிழக்கே தம்பிக்கு என்று எழுதினார்கள். கல் அவர்கள் அப்பா நட்டது. வாய்க்கால் யாருக்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை. கல்தான் நிற்கிறதே. போன வருசம் தூர் வார வந்த இயந்திரம் மண்ணோடு கல்லையும் அள்ளி எங்கோ கொட்டிவிட்டுப் போனது. கல் கிழக்குக் கரையில் இருந்தது என்றார் இளையபெருமாள். மேற்குக் கரையில் என்றான் அரசப்பன். கிழக்கில் இருந்ததென்றால் வாய்க்கால் அண்ணனுடையது. ஒவ்வொரு போகத்துக்கும் அவர் விட்டால்தான் தம்பிக்குத் தண்ணீர். போன மாதம் ஒரு நாள் காலையில் மடை அடைத்துக் கிடந்தது. அன்றைக்கு இரண்டு பேர் கையிலும் மண்வெட்டி இருந்தது. தெருவே ஓடிவந்து விலக்கியது. இன்று அளந்து உட்பிரிவு செய்ய சர்வேயர் வருகிறார். சர்க்காரின் படத்தில் இரண்டு வயலும் ஒன்றாகவே இருக்கிறது. "கல்லு இருந்த எடத்துக்கு ஏதாவது அத்தாட்சி இருந்தா காட்டுங்க. இல்லேன்னா சரிபாதியா வெட்டி நட்டுட்டுப் போயிருவேன்" என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். சரிபாதியாக வெட்டினால் வாய்க்கால் மேற்கே அண்ணன் பக்கம் போய்விடும்.

அத்தாட்சி இந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஐந்து வருசத்துக்கு முன் பவர் டில்லர் வாங்கி வரப்பில் நிறுத்திப் பூசை போட்ட அன்று, தையல்நாயகியின் தம்பி தியாகு சீர்காழியிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமராவோடு வந்திருந்தான். ஒன்பது படம் எடுத்தான். படங்களை இதில் ஏற்றிவிட்டுக் கேமராவில் அழித்துவிட்டான். அவளுக்கு அது பதினைந்து நாள் முன்பு, வயலில் களையெடுக்கக் குனிந்திருந்தபோது நினைவுக்கு வந்தது. கையில் களையோடு நிமிர்ந்து நின்றவள்தான். அன்று மறுபடி குனியவில்லை.

சிக்கல், பெட்டிக்கு முகம் இல்லை. கம்ப்யூட்டர் குடும்பத்தின் பொதுப் பணத்தில் வாங்கியது. அவள் சீர்வரிசையில் வந்திருந்தால் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பங்கு நாளன்று அண்டா, கலப்பை, கட்டில் என்று வரிசையாக எழுதிவந்த பஞ்சாயத்தார், இதன் முன்னால் வந்து நின்றார்கள். "டிவி ஒண்ணு, பெட்டி ஒண்ணு. ரெண்டு உருப்படி" என்றார் ஒருவர். கதவுக்குப் பின்னாலிருந்து தையல்நாயகி, "அது ரெண்டும் சேந்தாத்தாங்க ஒண்ணு" என்றாள். "புருசன் பொண்டாட்டி மாதிரியா?" என்றார் அவர். கூடம் முழுக்கச் சிரித்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மானிட்டர் அண்ணனுக்கு. பெட்டியும் விசைப்பலகையும் மவுசும் தம்பிக்கு. ஒரே வீடு நடுவில் சுவர் வைத்து இரண்டானது. மானிட்டர் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஜாடிக்குக் கீழே இருக்கிறது. கொடியில் துணி காயப்போடும்போது அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

கும்பகோணத்துக் கடைகளில் பாகங்கள் கேட்டுப் பெட்டியின் வயதைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார்கள். தஞ்சாவூரில் பழைய சாமான் வைத்திருக்கும் அப்துல் வஹாப் கடையைச் சொன்னது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு காலேஜ் பெண். போன செவ்வாய்க்கிழமை போனாள். வஹாப், வேண்டிய சாமான்களை அவள் எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் படித்தார்.

"டிஸ்க்க மட்டும் கொண்டாங்கம்மா. போட்டோவ எடுத்துப் பிரிண்ட் போட்டுத் தந்துர்றேன். எதுக்கு இவ்வளவு பாடு?"

"கடையில போட்டதுன்னா ஒத்துக்க மாட்டாங்க பாய். டவுன்ல ஒருத்தர் தலைய வெட்டி இன்னொருத்தர் ஒடம்புல ஒட்டுறாங்கன்னு எங்க ஊருக்கே தெரியும். எங்க வீட்டுல, எங்க பெட்டியில, அவங்க கண்ணு முன்னால தெறக்கணும்."

அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் படித்த கம்ப்யூட்டர் படிப்பு விரல் நுனியில் இன்னும் இருந்தது. மாவு பிசையும்போதுகூட விரல்கள் சில நாள் தாமாகவே தட்டின. பெட்டி மறுபடி ஓடவேண்டும். அவள் கையால் ஓடவேண்டும்.

"மானிட்டர் புதுசா?"

"நெல்லு இன்னும் வயல்ல நிக்கிது பாய். வீட்டுல சர்க்கார் குடுத்த டிவி இருக்கு."

வஹாப் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு சாக்கைக் கவிழ்த்தார். பச்சைப் பலகைகள் மீன் மாதிரிச் சரிந்தன. நெடுநேரம் துழாவி ஒன்றை எடுத்து ஊதினார். "இந்த ஸ்லாட்டுக்குக் கார்டு வர்றது எப்பவோ நின்னு போச்சு. இதுல டிவிக்கும் ஒரு வாய் இருக்கு பாருங்க. வட்டமா. இந்த ஒயரச் சொருகி, மஞ்சப் பின்ன டிவியில குடுத்தாப் படம். எழுத்து கலங்கலாத்தான் வரும். திட்டக் கூடாது." ரேம் இரண்டு துண்டும் அதே சாக்கிலிருந்து வந்தன. திரும்பும் பஸ்ஸில் அவற்றை மஞ்சள் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது பழைய ரேமைக் கழற்றினாள். புதியதைப் பள்ளம் பார்த்து வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். டக் என்றது. மறு முனையும் டக். அடுத்த துண்டும் அப்படியே. அரசப்பன் அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டினான். கார்டு பாதி இறங்கி நின்றது. மூச்சைப் பிடித்து அழுத்தினாள். இறங்கியது. மஞ்சள் பின்னையும் சத்தத்துக்கான வெள்ளைப் பின்னையும் சர்க்கார் டிவியில் சொருகினாள். தனி ரேஷன் கார்டு வந்ததால் வந்த தனி டிவி அது.

பொத்தானை அழுத்தினாள். விசிறி சுழன்றது. மிச்ச உமி முகத்தில் அடித்தது. பெட்டி மூன்று முறை நீளமாகக் கத்தியது.

"என்னாச்சு?"

"ரேம் சரியா ஒக்காரல."

"ஒக்காரலன்னா?"

"பந்தியில எடம் கெடைக்கலன்னு வச்சுக்குங்க. அந்த அழிரப்பரக் குடுங்க."

ரேமின் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்தாள். கறுப்பாகத் துகள் உதிர்ந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி அழுத்தினாள். இந்த முறை ஒரே ஒரு கத்தல், குட்டையாக. டிவியில் மழை பெய்தது. ரிமோட்டில் ஏவி என்பதை அழுத்தினாள். மழை நின்றது. கறுப்புத் திரையில், ரேம் எவ்வளவு என்று எண்ணிக்கொண்டு வெள்ளை எண்கள் ஓடின. அந்த எண்கள் முன்பெல்லாம் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சத்தில் நிற்கும். அவளுக்கு மனப்பாடம். இப்போது அதைத் தாண்டின. எழுபது, எண்பது, ஒரு லட்சம்.

"ஏறுது பாருங்க, ஏறுது!"

எதற்கு ஏறுகிறது என்று அவனுக்குத் தெரியாது. "ஏறுது, ஏறுது" என்று அவனும் சொன்னான். இரண்டரை லட்சத்தைத் தாண்டி நின்றது. பிறகு அந்த ஆரம்ப இசை வந்தது. டிவியின் சத்தத்தை முழுக்க வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. கூடம் அதிர்ந்தது. கூரையிலிருந்து ஒரு பல்லி விழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. "என்னாடி அது, சாமி வந்த மாதிரி?" என்று அம்சத்தின் குரல் கேட்டது. இளையபெருமாளின் மனைவி. பங்கு பிரித்த நாளிலிருந்து சுவர் தாண்டி வந்த முதல் பேச்சு.

"கம்ப்யூட்டர்க்கா! ஓடுதுக்கா!" என்று தையல்நாயகி கத்திவிட்டாள். பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

சர்வேயர் வந்தபோது வெளிச்சம் மறைய ஜன்னலைச் சாத்தியிருந்தாள். தலையாரி அளவுச் சங்கிலியோடு வாசலில் நின்றார். இளையபெருமாள் படியில் நின்றார். உள்ளே வரவில்லை. "படம் காட்டுறாங்களாம். காட்டச் சொல்லுங்க, பாப்போம்" என்றார் சர்வேயரிடம். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்சம் எட்டிப் பார்த்தாள். முழங்கை வரை இட்லி மாவு.

முதல் படம் திறந்தது. வண்ணம் வரவில்லை, கறுப்பு வெள்ளைதான். மாலை போட்ட டில்லர். அதன் முன்னால் அண்ணனும் தம்பியும். அண்ணனின் கை தம்பியின் தோளில். நெற்றியில் சந்தனம். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கல் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு கால்கள் நின்றன.

"ரெண்டு பேரையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றார் சர்வேயர்.

தலையாரிதான் முதலில் சிரித்தார். அம்சம் மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கில் மாவு ஒட்டியது. இளையபெருமாள் ஒரு படி ஏறினார். இன்னொரு படி. நிலைக்கு உள்ளே வந்து டிவிக்கு நேராகக் குனிந்தார். "அந்தக் கட்டம் போட்ட சட்ட என்னோடது" என்றார். சர்வேயரிடம்தான். "அன்னிக்குக் காலையில காணமேன்னு தேடுனேன்."

"திருப்பித் தந்துட்டேன்ல" என்றான் அரசப்பன், டிவியிடம்.

"பொத்தான் இல்லாமத் தந்த."

அடுத்த படம். டில்லரின் மேல் தம்பி ஏறி உட்கார்ந்திருந்தான். அண்ணன் ஓரமாக நின்று கைப்பிடியைப் பிடித்திருந்தார். டில்லருக்குப் பின்னால் இப்போது இடம் காலி. அங்கே கீழே வெள்ளையாக ஏதோ இருந்தது. கல்லாக இருக்கலாம். கொக்காகவும் இருக்கலாம். வஹாப் சொன்ன கலங்கல். கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை.

"பெருசு பண்ண முடியுமாம்மா?" என்றார் சர்வேயர்.

முடியும். முன்பு இதைச் செய்தால் பெட்டி உறைந்து நின்றுவிடும். அணைத்துத்தான் எழுப்பவேண்டும். தையல்நாயகி புடவையில் உள்ளங்கையைத் துடைத்தாள். அழுத்தினாள். பெட்டி உறுமியது. நிற்கவில்லை. படம் நான்கு மடங்காக விரிந்து, அதன் மேல்மூலை மட்டும் திரையில் நின்றது. வானம். ஒரு தென்னையின் கொண்டை. கீற்றின் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. கல் எந்தக் கரையில் இருந்தாலும் இந்தத் தெளிவு அதைக் காட்டிவிடும். கிழக்குக் கரையிலும் காட்டிவிடும். அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கணவனைப் பார்த்தாள். அவன் முகம் டிவியின் வெளிச்சத்தில் வெளுத்திருந்தது.

"எறக்கும்மா" என்றார் இளையபெருமாள். அவளிடம்.

அவள் கீழ் அம்பில் விரலை வைத்தாள். தென்னை மேலே போனது. டில்லர் மேலிருந்த தம்பியின் தலை வந்தது, பல்லெல்லாம் தெரிய. மாலை வந்தது. கைப்பிடியைப் பற்றிய அண்ணனின் விரல்கள், மோதிரம். மடித்துக் கட்டிய வேட்டி. சேறு காய்ந்த முழங்கால்கள். பெட்டியின் விசிறி சுற்றியது. திரையின் அடியில், ஒரு விரற்கடை அகலத்துக்கு, வாய்க்கால் தண்ணீர் மினுங்கத் தொடங்கியது.