நிலாவில் ஒரு பச்சைத்தலைக் குண்டூசி

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் நான் பதினேழு வருடம் இருந்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நூலக வாசலில் தொலைநோக்கியை நிறுத்தி, வருகிறவர்களுக்கு நிலாவைக் காட்டுவேன். பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் கேட்பது ஒரே கேள்வி: "அங்கே நட்ட கொடி தெரியுதா?" தெரியாது என்பேன். முகம் சுருங்கிப்போவார்கள். ஒருநாள் வரிசையில் ஒரு அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, "அங்கே ஒரு குண்டூசி கிடந்தா தெரியுமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். வரிசையும் சேர்ந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நிலாவைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. கொடியைக் கேட்பவருக்குப் பெருமை காரணம். குண்டூசியைக் கேட்பவருக்கு என்ன காரணம்?

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆகவே கீழே வருகிற ஊர், தையல்கூடம், ஊசி எல்லாம் என் சொந்தச் சரக்கு. நிலாவின் தூரம் மட்டும் நிஜம்.

2

முதல் தொடக்கம்: "அன்று நிலா வெள்ளித்தட்டு போல—"

வேண்டாம். தட்டுகள் போதும்.

இரண்டாம் தொடக்கம்: "வெர்னா டல் அடிப்படையில் நல்லவள்." இப்படி ஆரம்பித்தால் கடைசியில் அவளை மன்னித்துத் தொலைக்க வேண்டியிருக்கும். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "வெர்னா டல் தன் நாற்பத்தோராவது வயதில் நிலாவுக்குப் பயப்பட ஆரம்பித்தாள்." இது நிற்கிறது. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

அந்தத் தையல்கூடத்தில் ஒன்பது பெண்கள். உள்ளாடையும் குழந்தைச் சட்டையும் தைத்துப் பழகிய கைகள், இப்போது நிலாவில் நடக்கிறவர்களுக்கு உடை தைத்தன. (ஆறு முறை போய் வந்தார்கள். இவர்கள் தைத்தது எந்த முறைக்கு என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.) குண்டூசி விஷயத்தில் அங்கே பெரிய கெடுபிடி. ஆளுக்கு இருபது ஊசி, ஆளுக்கு ஒரு தலை நிறம். வெர்னாவுக்குச் சிவப்பு. பக்கத்து மேசையில் ஐடா மே பாஸ்வாட்டர்ஸ், அவளுக்குப் பச்சை. சாயங்காலம் இருபதையும் பலகையில் குத்திக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பலாம். ஒருத்தி ஊசியை இன்னொருத்தி தொடவே கூடாது.

1971 மார்ச்சில் ஒரு மத்தியானம். ஐடா சாப்பிடப் போயிருந்தாள். வெர்னா ஒரு மேல்பூட்ஸின் உள்துணியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். கையில் ஊசி தீர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று வேண்டும். ஐடாவின் பஞ்சுப்பொதியிலிருந்து பச்சையைப் பிடுங்கிக் குத்தினாள். திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் மேற்பார்வை மிஸஸ் ட்ரூயிட் வந்து அவசரப்படுத்த, மேலே அடுத்த துணியைப் போட்டுத் தைத்துவிட்டாள். ஊசி உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் ஐடாவின் பலகையில் பத்தொன்பது. தரையெல்லாம் காந்தத்தை இழுத்தார்கள். ஐடா அன்று தைத்த அத்தனையையும் பிரித்தார்கள். வெர்னாவின் மேசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அவள் பலகையில் இருபது சிவப்பும் வரிசையாக நின்றன. மறுநாள் ஐடாவுக்கு வேலை இல்லை.

"வீட்டுக்குப் போகும் வழியில்தான் வெர்னாவுக்குப் பச்சை ஊசி ஞாபகம் வந்தது" என்று எழுதியிருந்தேன். அது பொய். மிஸஸ் ட்ரூயிட் பத்தொன்பதோடு நிறுத்திய அந்த நிமிஷமே அவளுக்குத் தெரியும்.

"கணவன் லீராய் கூரையிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான், இவள் சம்பளத்தில்தான்—" என்றும் எழுதினேன். லீராயின் காலை நான் உடைத்தது வெர்னாவுக்கு ஒரு சாக்குக் கொடுக்கத்தான். கட்டை அவிழ்த்துவிடுகிறேன். லீராய் திடமாக நடக்கிறான். வெர்னா பயந்தாள். அவ்வளவுதான் காரணம்.

பூட்ஸ் நிலாவுக்குப் போயிற்று. ஊசி ஒருவரையும் குத்தவில்லை. காற்றை அடைத்து வைக்கும் உடை வேறு, இது அதன்மேல் மாட்டுவது. திரும்பும்போது பாரம் குறைக்க மேல்பூட்ஸை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். ஐடா கோழி வெட்டும் ஆலையில் சேர்ந்தாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. ஒரு அங்குலத்துக்குள் பதினான்கு தையல் போட்ட விரல்கள் வீங்கி, மடங்க மறுத்தன. ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் வெர்னாவின் பக்கத்தில்தான் உட்காருவாள். பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தை வெர்னாதான் திருப்புவாள்.

4

இனி தொலைநோக்கி.

1972 அக்டோபர், தீயணைப்பு நிலையத்தில் ஊரே கூடும் வருடாந்தரச் சிப்பி விருந்து. ஆணி, கதவுப்பூட்டு விற்கும் கடைக்காரர் கிளேட்டன் ஹெர்ன் புதிதாக வாங்கிய தொலைநோக்கியை வாசலில் நிறுத்தியிருந்தார். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று முழு நிலவு நாளாகப் பார்த்து வைத்திருந்தார். (இந்த வித்தைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பு. முழு நிலவில் நிழல் இருக்காது. எல்லாம் ஒரே பால்வெள்ளை. நானும் செய்திருக்கிறேன்.) கையில் நிலாவின் வரைபடம், அதன் வலப்பக்கத்தில், ஆள் இறங்கிய இடத்தில், சிவப்பு மையில் ஒரு குறி.

"வலப்பக்கம் நடுவுல பாருங்க, மிஸ் வெர்னா. ஒரு மினுக்கு தெரியுதா? அதான் நம்ம சாமான்." (கல்யாணமானவளையும் "மிஸ்" என்று கூப்பிடுவது அந்த ஊர் மரியாதை.)

அதுவரை வரிசையில் வந்த நாற்பது பேரும் தெரிகிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தோராவது ஆள் குருடாக இருக்க விரும்புவாரா?

"தெரியுது," என்றாள் வெர்னா. பிறகு மெதுவாக, "எவ்வளவு சின்னது வரைக்கும் தெரியும், கிளேட்டன்?"

"இதுல கொடி வரைக்கும். இன்னும் பத்து வருஷம் போகட்டும், பெருசு பெருசா கண்ணாடி வரும். நீங்க தைச்ச தையலை இங்கிருந்தே ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம்!"

கிளேட்டன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். வெர்னா சிப்பியைத் தொடாமல் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து நிலா இருக்கிற சாயங்காலங்களில் சமையலறைத் திரையை இழுத்துவிட்டாள்.

[ஓரக்குறிப்பு: கிளேட்டனின் குழாயில் தெரியக்கூடிய மிகச் சின்ன சாமான் ஒன்றரை கிலோமீட்டர் அகலம். அந்த ஊரையே பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே வைத்தால், தேவாலயம், தீயணைப்பு நிலையம், கோழி ஆலை எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளி. இன்றைக்கு உலகத்தில் இருக்கும் பெரிய தொலைநோக்கிகளைத் திருப்பினாலும் அங்கே விட்டுவந்த வண்டியோ கொடியோ தெரியாது. தூரம் அப்படி. இதை யாராவது வெர்னாவிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வாய்ப்பு ஒருமுறை வந்தது, நான் சிரித்தேன்.]

5

1973 அக்டோபர். தையல்கூடத்துக்குப் புது வேலை வந்திருந்தது. திங்கட்கிழமை ஆள் எடுக்கிறார்கள். ஐடா விண்ணப்பம் போட்டாள். பழைய கோப்பில் "ஊசி தொலைத்தவர்" என்று இருக்கிறது, முடியாது என்று மிஸஸ் ட்ரூயிட் திருப்பி அனுப்பிவிட்டார். அதை ஐடாவே வெர்னாவிடம் சொன்னாள். அழவில்லை. "நான் எங்கேயும் தொலைக்கலை வெர்னா, எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை மறுபடி சிப்பி விருந்து. தீயணைப்பு நிலையக் கூடத்தை அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டதால் விருந்தை ஒரு வாரம் முன்னால் இழுத்திருந்தார்கள். ஆகவே முழு நிலவு இல்லை. அரை நிலவு. வெர்னா இந்த முறை வரிசையில் முதல் ஆளாக நின்றாள். தான் அகப்பட எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தீருவது என்ற முடிவோடு வந்திருந்தாள்.

"இன்னிக்குக் காட்ட முடியாது, மிஸ் வெர்னா," என்றார் கிளேட்டன். "வலப்பக்கம் பூரா இருட்டு. இடப்பக்கம்தான் வெளிச்சம்."

வெர்னா குழாயில் கண் வைத்துப் பார்த்தாள். ஆமாம், இடப்பக்கம் வெளிச்சம். தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். மறுபடி குழாய். மறுபடி வானம். இருபது வருடம் துணியின் பின்பக்கத்தில் கோடு போட்டு முன்பக்கத்தில் தைத்தவள் அவள்.

"கிளேட்டன், மேலே வலப்பக்கம்தானே வெளிச்சமா இருக்கு?"

"அட, ஆமா."

"உங்க குழாய் துணியை உள்வெளியாப் புரட்டிக் காட்டுது. வலது காலை இடது காலாக்கிடுச்சு."

கிளேட்டன் குழாயின் முழங்கையில் இருந்த குட்டிக் கண்ணாடியைத் தடவினார். குனிந்து பார்க்க வசதியாக எல்லோரும் மாட்டுகிற கண்ணாடிதான். முகக்கண்ணாடி செய்வதைத்தான் அதுவும் செய்தது.

"அப்போ போன வருஷம் இதே வலப்பக்கத்துல காட்டினீங்களே, அது?"

"அது... நிஜத்துல நிலாவோட இடப்பக்கம்."

"அங்கே என்ன இருக்கு?"

"நம்ம சாமான் ஒண்ணும் இல்ல."

"நாற்பத்தோரு பேர் கொடி தெரியுதுன்னோமே!"

பின்னால் நின்ற லீராய், "நான் அந்தக் கொடியில நட்சத்திரத்தையே எண்ணினேன்," என்று முனகினான். எல்லோரும் சிரித்தார்கள். கிளேட்டனின் காது சிவந்துவிட்டது. ஆனால் நேர்மையான மனிதர். "உண்மையைச் சொல்லட்டா? எனக்கும் ஒருநாளும் எதுவும் தெரிஞ்சதில்ல. புத்தகத்துல கணக்குப் போட்டிருக்கான். தெரியவே தெரியாதாம். நம்ம ஆயுசுல தெரியாது."

வெர்னா நிலாவை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

இந்த இடத்தில் அவளுக்கு நிம்மதி வரும் என்று நினைத்துத்தான் நான் இதுவரை எழுதிவந்தேன். வரவில்லை. இந்த ஒரு வருட நிலாப் பயத்துக்குள் அவளுக்கு ஒரு சௌகரியம் இருந்திருக்கிறது: என்றாவது நிலாவே காட்டிக்கொடுத்துவிடும், தான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இப்போது அதுவும் போயிற்று. உலகத்தில் அந்த ஊசி இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் கிடையாது.

6

முடிவுகள் கையில் மூன்று இருக்கின்றன.

(அ) ஐடாவுக்கு முதலிலிருந்தே தெரியும். தோழிக்காகச் சொல்லாமல் இருந்தாள். இருவரும் கட்டிப்பிடித்து— வேண்டாம். ஐடாவின் விரல்களை வீங்க வைத்துவிட்டு அவள் கையாலேயே வெர்னாவுக்குப் பரிசு கொடுக்கச் சொல்லும் முடிவு இது.

(ஆ) வெர்னா சொல்லாமலே வயதாகி, ஒருநாள் நூலக வாசலில் என்னைப் போன்ற ஒரு மடையனிடம் வந்து குண்டூசி தெரியுமா என்று— நிஜத்தில் நடந்தது இதுவாக இருக்கலாம். அதனால்தான் எனக்கு இது வேண்டாம்.

(இ) மிஸஸ் ட்ரூயிட்டுக்குப் பெயரில்லாத கடிதம். வெர்னா ஒன்றை எழுதினாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். கிழித்து அடுப்பில் போட்டது அவள்தான், நானில்லை.

7

சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணி. ஐடாவின் வீட்டுப் பின்வாசல்.

ஐடா வெந்நீர்த் தொட்டியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வா வெர்னா. என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? அடுப்புல டம்ப்ளிங் கொதிக்குது, உள்ளே வா."

"வரலை. படியிலேயே நின்னு சொல்லிடறேன்."

"என்னத்தை?"

"அன்னிக்கு உன் பச்சை ஊசியை எடுத்தது நான். நீ சாப்பிடப் போயிருந்தே. பூட்ஸுக்குள்ள வச்சுத் தைச்சுட்டேன். பலகையில பத்தொன்பதுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். வாயை மூடிட்டு நின்னேன். திங்கட்கிழமை போய் மிஸஸ் ட்ரூயிட்கிட்டயும் இதையேதான் சொல்லப்போறேன். என் வேலை போகும், போகட்டும். முதல்ல உன்கிட்ட சொல்லணும்."

தொட்டியில் தண்ணீர் அசையவில்லை. ஐடா கேட்டாள்: "இப்போ எங்கே இருக்கு அது?"

பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே, பகல் வெளிச்சத்தில் வெளிறிப்போய் நின்ற நிலாவை வெர்னா விரலால் காட்டினாள்.

ஐடா எழுந்து, கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு படிக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலியே."

"தெரியாது, ஐடா. யாருக்கும் தெரியாது. அதனாலதான் வந்தேன்."

ஐடா இன்னும் மேலேயேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலையைத் தாழ்த்தியதும் ஏதாவது சொல்வாள். அது என்ன என்று எழுத எனக்கு உரிமை இல்லை; நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்த ஆள். செய்யாத தப்புக்குப் பழி சுமந்தவர் உங்களில் யாராவது இருந்தால், இந்த இடத்திலிருந்து நீங்கள் எழுதுங்கள். அவசரம் வேண்டாம். வெர்னா படியை விட்டு நகரமாட்டாள்.