அறுந்தால் நிற்கும் சுவிட்ச்

ஆயுத பூஜை முடிந்து மூன்றாவது சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. இடம்: குற்றாலம் ஐந்தருவி சாலையில் ஆவுடைநாயகத்தின் வீட்டுப் பின்புறக் கொட்டகை. இருந்தவர்கள்: மரப்பெட்டி மேல் ஆவுடைநாயகம், கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்தபடி, வாசலோரம் ஸ்டூலில் தென்காசி எலக்ட்ரிக்கல் கடை மூசா, எந்திரத்துக்கு எதிரே நாற்காலியில் நான், ஏசுவடியான். முத்துசெல்வி வரவில்லை. கடையத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள் போனையும் எடுப்பதில்லை.

அவளும் ஆவுடைநாயகமும் நானும் பொழுதுபோக்காகச் சேர்ந்து செய்த சிறு சி.என்.சி. மில் அது. கணினி சொல்லும் அளவில் அலுமினியத்தைக் குடையும். இயக்கியதும் மேசை முதலில் மூலைக்கு நகரும். அங்குள்ள சுவிட்சைத் தொட்டதும் நின்று, அந்த இடத்தையே தொடக்கமாகக் கொள்ளும்.

பூஜைக்கு எந்திரத்தைத் துடைத்து, ஒரு திருகு விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தது முத்துசெல்விதான். மறுநாள் காலை மேசை மூலையில் நிற்கவில்லை. எந்திரத்தின் தூணைத் துடைத்துக்கொண்டிருந்த ஆவுடைநாயகத்தின் ஆள்காட்டி விரல் மேசைக்கும் தூணுக்கும் நடுவில் சிக்கியது. ஆஸ்பத்திரியில் மேல் கணுவை எடுத்துவிட்டார்கள். பார்த்தால், சுவிட்சிலிருந்து ஒயர் கழன்று தொங்கியது. பொட்டு வைக்கும்போது இழுத்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

மூசா மூன்று வகை கொண்டுவந்திருந்தான்.

"இது பழைய லிவர் சுவிட்ச். இது ஒளி பாயுத சென்சார். இது இரும்பு கிட்ட வந்தாலே, தொடாமலே கண்டுபிடிக்கும். எது வேணும் அண்ணாச்சி?"

"ஒளி வேண்டாம்வே," என்றார் ஆவுடைநாயகம். "இங்கன சாரல் அடிச்சா எனக்கே கண்ணு தெரியல. அதுக்குத் தெரியுமாக்கும்? தூளு வேற போய் அடையும்."

"அப்ப தொடாததையே போடுவோம். சந்தனத்தை அப்பினாலும் அது கண்டுக்காது."

"என்னமும் போடும். எங்கிட்ட இனி ஒம்பதரை விரல்தான் மிச்சம்."

மூசா சிரித்தான். என்னால் முடியவில்லை.

"ஒயர் எப்படிக் குடுத்திருந்தீய?" என்று என்னைக் கேட்டான். "எப்பவும் கரண்டு ஓடுத மாதிரியா, தொட்டாத்தான் ஓடுத மாதிரியா?"

"தொட்டாத்தான்."

"அப்படிப் போட்டா ஒயரு அறுந்தாலும் மெஷினுக்குத் தெரியாதே அண்ணாச்சி! எப்பவும் ஓடுத மாதிரி இருந்திருந்தா, கழண்ட உடனே அலாரம் அடிச்சிருக்கும். மேசை நகர்ந்தே இருக்காது."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. முதலில் அப்படித்தான் இருந்தது என்றேன். ஆனி மாதம் நான்கு நாள், வேலை நடுவில் அலாரம் அடித்து அடித்து நின்றது. எரிச்சலில், யாரிடமும் சொல்லாமல், நான்தான் மாற்றினேன். அலாரம் ஓய்ந்தது. ஒயர் அப்போதே தளர்ந்திருக்கிறது. எந்திரம் அதைத்தான் சொல்லியிருக்கிறது. விரல் போன அன்றே எனக்கு இது விளங்கிவிட்டது.

ஆவுடைநாயகம் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ள என் வாசல்ல நின்னு அழுதப்போ, நீரும் பக்கத்துலதான நின்னீரு?"

"நின்னேன்."

"விரலுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அதுக்குத்தான்வே சொல்லுதேன்." கைக்கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சொல்ல வேண்டிய ஆளு இங்கன இல்ல. எழுதும்."

முத்துசெல்விக்கு அங்கேயே கடிதம் எழுதினேன். எந்தத் தேதியில் மாற்றினேன், எந்த ஒயர், ஏன் என்று வரிசையாக. பொட்டு வைக்கும்போது கழன்றிருந்தாலும் எந்திரம் நின்றிருக்க வேண்டும், நிற்காமல் செய்தவன் நான் என்று எழுதினேன். இனி எப்போதும் கரண்டு ஓடும்படிதான் இணைப்பு, அதை யாரும் தனியாக மாற்றக் கூடாது என்றும் சேர்த்தேன். இதை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசி என்று கேட்டுக்கொண்டேன்.

ஆவுடைநாயகம் வாங்கிப் படித்தார்.

"கடைசியில மன்னிச்சிருன்னு போட்டிருக்கீரே, அதை அடியும். அவகிட்டப் போய் இன்னும் கேக்கவா செய்யுதீரு?"

அடித்தேன். நான்காக மடித்து, உறையில் இட்டுப் பசை தடவினேன். தென்காசி தபால் நிலையம் மூடுமுன் மூசாவின் வண்டியில் போய்ச் சேர்ந்தோம். சாளரத்தில் இருந்தவர் எடை பார்த்து, விரைவுத் தபால் சீட்டை ஒட்டி, கடையம் போகும் தபால் கட்டோடு வைத்தார்.