எட்டை விரட்டிய கணக்கு

சிவநேசன் புதுக் கார் வாங்கியதில் குற்றம் எதுவும் இல்லை. அதன் எண் 4625 என்று வந்ததுதான் வினை. நாலும் ஆறும் இரண்டும் ஐந்தும் பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. எட்டு என்றால் சனி. அவனுக்கு மாமனார் ஆகப்போகிற பரஞ்சோதிக்கோ எண்கணிதம்தான் உயிர். தம் ஊரான புக்கிட் செலம்பாவில் பிள்ளைக்குப் பெயர் வைப்பதிலிருந்து கோழிக்கூண்டு வாங்குவது வரை தம்மைக் கேட்காமல் யாரும் எதுவும் செய்வதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். மகள் நளினியைத் தர அவர் சம்மதித்ததே, மாப்பிள்ளையும் தம்மைப் போல இருபத்து மூன்றாம் தேதி பிறந்தவன், கூட்டினால் ஐந்து, ராசியான எண் என்பதால்தான்.

“எட்டாம் நம்பர் காடில என் மக ஏற மாட்டா. நம்பர மாத்து, இல்ல கல்யாணத்த மறந்துரு” என்றார், காரைச் சுட்டிக்காட்டி.

மாற்றுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. வண்டி எண் ஏலத்தில் வேறு எண் எடுத்துவிடலாம். ஆனால் சிவநேசன் சுங்கை பட்டாணியில் கணினி சிப் ஆலையில் மென்பொருள் பார்க்கிறவன். மூடநம்பிக்கைக்குப் பணிவதா என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“மாமா, நமக்குப் பத்து வெரல், அதனால பத்து பத்தா எண்ணுறோம். கம்ப்யூட்டர்காரங்க பதினாறு பதினாறா எண்ணுவோம். ஹெக்ஸாடெசிமல்னு பேரு. அதுல இந்த நம்பர எழுதினா 1211. கூட்டிப் பாருங்க.”

பரஞ்சோதி கூட்டினார். ஐந்து! முகமெல்லாம் பல்லாயிற்று.

“இத நம்பலாமா தம்பி?”

“மத்த கணக்கு பொய் சொல்லலாம் மாமா, இது சொல்லாது.”

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கைப்பேசியில் அதற்கான கால்குலேட்டரையும் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தான், அதிபுத்திசாலி.

மறுவாரம், செர்டாங்கில் இருக்கும் தன் சித்தி வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க நளினியை அழைத்துப்போக வந்தான். பரஞ்சோதி கைப்பேசியும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்தார். பேயறைந்த முகம்.

“காடி நல்ல காடிதான் தம்பி. நீதான் எட்டு.”

“என்ன மாமா சொல்றீங்க?”

“நீ பொறந்தது இருபத்து மூணு. அதுல பதினாறு ஒண்ணு, மிச்சம் ஏழு. உன் கணக்குல 17. ஒண்ணும் ஏழும் எத்தன?”

“ஐயோ மாமா, அது சும்மா எழுதுற விதந்தான் லா! எப்படி எழுதினாலும் எண்ணு ஒண்ணுதான், மாறாது!”

“அப்ப காடியும் எட்டுதானே?”

சிவநேசன் நளினி இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான்; அழுகை வந்துவிடும்போல் இருந்தது. பதினாறு பதினாறாக எண்ணக் கண்டுபிடித்தவனை மனதாரத் திட்டினான்.

நளினி செருப்பை மாட்டியபடியே வெளியே வந்தாள். “அப்பா, நீங்களும் இருபத்து மூணுதானே? அப்ப அம்மா இத்தன வருஷமா எட்டோடயா குடும்பம் நடத்துறாங்க?”

“எனக்கு அது எப்பவோ தெரியும் லா!” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

பரஞ்சோதி கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். தொண்டையைச் செருமினார்.

“மெஷின் கணக்கெல்லாம் மனுஷனுக்கு ஒத்துவராது தம்பி. நீயும் அஞ்சுதான், நானும் அஞ்சுதான். காடி நம்பர மட்டும் மாத்திரு.”

“நாளைக்கே மாத்துறேன் மாமா” என்றான் சிவநேசன், போன வாரமே சொல்லியிருக்க வேண்டியதை.

அன்று செர்டாங்குக்குப் பேருந்தில்தான் போனார்கள். நளினிக்கு உட்கார இடம் கிடைத்தது. ராசியான ஐந்தாம் எண் மாப்பிள்ளை வழி முழுக்க நின்றுகொண்டே போனான்.